அத்தியாயம் 6: டோக்கன் மேசையில் யார்?

சிறிய ஊரில் சொந்தமாகக் கிளினிக் போடும் மருத்துவர், கட்டடத்துக்கு அட்வான்ஸ், கண்ணாடிக் கதவு, பெயர்ப் பலகையின் எழுத்தளவு என்று எல்லாவற்றையும் நாள்கணக்கில் யோசிக்கிறார். ஆள் எடுக்கும் வேலையை மட்டும் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம், கட்டட உரிமையாளர் சொன்ன ஒரு பெண்ணை வரச்சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஆனால் நோயாளி மருத்துவரோடு இருப்பது ஐந்து, பத்து நிமிடம். வெளியே அந்தப் பெண்ணின் கண்முன்னால் உட்கார்ந்திருப்பது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் என்ன பார்த்தார், என்ன கேட்டார், என்ன சொன்னார் என்பதை வைத்துத்தான் உங்கள் கிளினிக்கைப் பற்றி ஊர் பேசும்.

ஆள் எடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். வரிசையை மீறி யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளக்கூடியவரா? தான் எதைச் செய்யவே கூடாது என்பதை ஏற்றுக்கொள்ளக்கூடியவரா? கணினி, பில், ஃபைல் அடுக்குவது எல்லாம் பதினைந்து நாளில் வந்துவிடும்.

சான்றிதழ் விஷயம்

நர்ஸ் என்று எடுப்பவர் உண்மையில் நர்ஸா என்று பாருங்கள். ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. மூன்றில் எதை முடித்திருந்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நடக்கிற ஆறு மாத, ஒரு வருட ‘நர்சிங் கோர்ஸ்’ முடித்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் கெட்டிக்காரப் பெண்கள் இருக்கிறார்கள். எடை பார்க்க, சீட்டு எழுத, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துவர உதவியாளராகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டி ‘சிஸ்டர்’ என்று உட்கார வைத்து, ஊசி போடச் சொல்வது அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ஏதாவது ஒன்று நடந்தால் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு பதிவு எண்ணும் இருக்காது. முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

மருந்து கொடுக்கும் இடத்துக்கும் இதே எச்சரிக்கை. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, மருந்துச்சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பதிவுபெற்ற மருந்தாளுநருடையது. மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி, தெருவைப் பார்த்து ஷட்டர் வைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் மாத்திரை விற்க முடியாது, அது கடை. கடைக்கு உரிமம் வேண்டும், திறந்திருக்கும் நேரமெல்லாம் மருந்தாளுநர் இருக்க வேண்டும். சுவரில் ஒருவருடைய சான்றிதழ் மாதவாடகைக்குத் தொங்க, கவுன்டரில் பிளஸ் டூ முடித்த பையன் நிற்கும் ஏற்பாட்டை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எல்லோரும் செய்கிறார்கள் என்பது சட்டத்தில் பதிலாகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சரிபார்க்க அசல் சான்றிதழைக் கேளுங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். ‘பாதியில் போய்விடக் கூடாது’ என்று அசலைப் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் கௌரவமான இடங்களிலேயே இருக்கிறது. ஆளைப் பிணையாகப் பிடித்துவைக்கிற இந்த வழக்கத்துக்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

எங்கே தேடுவது

நடந்து வரும் தூரத்தில் தேடுங்கள். கிளினிக் வேலை காலை ஒன்பது முதல் ஒன்று, மாலை ஐந்து முதல் ஒன்பது என்று இரண்டாக உடைந்தது. நடுவில் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, மறுபடி வர வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாததால், பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வருவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. இருந்தாலும் நேர்காணலில் நான் முதலில் கேட்கச் சொல்வது, “உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கும்மா?” என்பதைத்தான். எட்டே முக்கால் என்றால், எட்டரைக்கே அவர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. மாலை நேரத்துக்கு வேறு ஆளை யோசியுங்கள், அல்லது வீடு சேரும் வழியை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் சொல்லி வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்துப் பழகிய பெண்கள் பலர் அந்தக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். அந்த வேலையை விட்டு வந்தவர் யாராவது கிடைத்தால் பாதிப் பயிற்சி முடிந்தது போல.

ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே குடும்பம் என்று எல்லா ஆட்களையும் எடுக்காதீர்கள். நீங்கள் கவனிக்காவிட்டாலும் ஊர் கவனிக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூசி நிற்கிற ஒருவரை ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லக்கூடியவரா என்பதும் தகுதிதான். உங்கள் மைத்துனர் மகளை டோக்கனில் உட்கார வைப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: அவர் தாமதமாக வந்தால் யார் கேட்பது?

நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதில் ஒன்றும் தெரியாது. ஒரு மாலை முழுக்க, அரைநாள் சம்பளம் கொடுத்து, மேசைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார வையுங்கள். முடிந்ததும் கேளுங்கள்: “இன்னிக்கு வந்ததுல யாரைப் பாத்தா ரொம்ப முடியாதவங்களாத் தெரிஞ்சுது?” ஒருவர், “எல்லாரும் முடியாதவங்கதான் சார்” என்பார். இன்னொருவர், “அந்தப் பச்சைப் புடவை அம்மா, மூணு தடவை எந்திரிச்சு ஃபேனுக்குக் கீழ மாறி உக்காந்தாங்க, மூச்சு வாங்குச்சு” என்பார். இரண்டாமவரை எடுங்கள். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் எடுங்கள்.

காது

பயிற்சியில் முதல் வாரம் முழுவதும் இதற்கே போகட்டும்.

மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற சொற்களோடு யாரும் டோக்கன் மேசைக்கு வருவதில்லை. மாரடைப்பு பெரும்பாலும் ‘வாயு’ என்ற பெயரில்தான் நம் வாசலுக்கு வரும். ஐம்பது தாண்டிய ஒருவர், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்பார்: “சோடா குடிச்சும் கேக்கலம்மா. கேஸ் ஊசி ஒண்ணு போட்டா சரியாயிரும். நான் எத்தனாவது?” பழகாத பெண் உண்மையான பதிலைச் சொல்வார்: “இருபத்தேழு. இப்பப் பதினாறு போகுது.” பழகிய பெண் நம்பரைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். “ஐயா, இப்படி உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் அறைக் கதவைத் திறப்பார்.

அவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கதவைத் திறக்க உரிமை இருந்தால் போதும். அந்த உரிமையை நீங்கள் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கதவு திறந்த பத்துத் தடவையில் பல தடவை அது வெறும் வாயுவாகவே இருக்கும். அன்றைக்கு, “இதுக்கெல்லாமா உள்ள வருவ?” என்று ஒரே ஒரு முறை நோயாளியின் முன்னால் சிடுசிடுத்தீர்களானால் கதை முடிந்தது. பதினோராவது தடவை அவர் எழுந்திருக்க மாட்டார்.

ஊர்ப் பேச்சில் வரும் இப்படிப்பட்ட சொற்களை உங்கள் பகுதிக்கு ஏற்ப நீங்களே ஒரு தாளில் எழுதி, மேசைக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். ‘வாய் ஒரு பக்கம் கோணுது’, ‘டம்ளர் கையில நிக்கல’, ‘பேச்சு குழறுது’ என்றால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே கதவைத் திறப்பதோடு ஒரு கேள்வியும் கேட்கப் பழக்குங்கள்: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?” மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைத்தால், நீங்கள் அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரியில் அது தங்கம். ‘கை கால் இழுக்குது’, ‘ஜன்னி கண்டிருக்கு’, ‘பச்சப்புள்ள பால் இழுக்கவே மாட்டேங்குது’, மாசமாக இருப்பவர் ‘துணி நனையுது’ என்று மெதுவாகச் சொல்வது, ‘என்னமோ கடிச்சிருச்சு, கண்ணு சொருகுது’ — இவற்றுக்கெல்லாம் டோக்கன் கிடையாது. நீங்கள் கிளினிக்கில் இல்லாத நேரமானால், உங்களுக்குப் போன் செய்துவிட்டு நீங்கள் எடுக்கும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

மழைக்காலத்தில் ஒன்று தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். “நாலு நாளா அடிச்ச காய்ச்சல் இன்னிக்கு விட்டிருச்சு, ஆனா புள்ள துவண்டு கெடக்கு” என்று ஒரு தாய் வருவார். காய்ச்சல் விட்டுவிட்டதே, காத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணிகிற அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் ஜில்லென்று இருப்பது — தெர்மாமீட்டரில் 98 காட்டினாலும் பிள்ளை முதலில் உள்ளே போக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, முகக்கவசம் ஒன்று கொடுத்து, சீட்டில் குறித்துவைக்கப் பழக்குங்கள். காசநோயைத் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். நிக்ஷய் தளத்தில் பதிவேற்றும் வேலையை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ‘யாராவது செய்வார்கள்’ என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

கை

பிரஷர் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். படியேறி வந்தவரை வந்த வேகத்தில் ஸ்டூலில் உட்கார வைத்து, கை தொங்க, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பட்டையைச் சுற்றினால் வருகிற எண்ணை வைத்து ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுதிவிடுவோம். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இருவரும் பேசக் கூடாது. பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும். ஒரு நாள் உங்கள் கையிலேயே பார்க்கச் சொல்லித் திருத்துங்கள்.

சுகர் டெஸ்டில் எண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் கேள்விதான். “வெறும் வயிறா?” என்று கேட்டால், “ஆமாம்மா, ஒண்ணும் சாப்பிடல” என்பார்கள். டீ நம் ஊரில் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. “காலையில டீ, காபி ஏதாச்சும் குடிச்சீங்களா?” என்று கேட்கப் பழக்குங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய பரிசோதனையில் இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. விரலில் குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று. ‘துடைச்சிட்டேன்’ என்ற சொல்லுக்கே இடமில்லை.

குழந்தையின் எடையை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். போன மாதச் சீட்டைப் பார்த்து எழுதக் கூடாது, அம்மா சொல்வதையும் எழுதக் கூடாது. மருந்தின் அளவு அந்த எண்ணில்தான் நிற்கிறது. மருந்து கொடுப்பவருக்கு இன்னொன்று: பாரசிட்டமால் சொட்டுமருந்து வழக்கமாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 ஒன்று, 250 ஒன்று. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நிறப் பெட்டியில் ஒரே அலமாரியில் இருக்கும். கைக்குழந்தைக்குச் சிரப் கணக்கில் சொட்டுமருந்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், மறக்க மாட்டார்கள். மூன்றையும் வேறு வேறு தட்டில் வையுங்கள். அளவை வாயால் சொன்னால் போதாது. பாட்டிலோடு வரும் மூடியில் நகத்தால் கோடு காட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டுக் கரண்டிக்கு அளவு கிடையாது.

மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள் இருக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், ஊசி கழற்றிய சிரிஞ்சும் ட்ரிப்ஸ் குழாயும் சிவப்பில், ஊசி முனைகள் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் இந்தப் பயிற்சி கொடுக்க வேண்டும். மஞ்சள்காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும். இது பெருக்கித் துடைக்கிற ஆயாம்மாவுக்கும் சேர்த்துத்தான். அவரைப் பயிற்சியில் உட்கார வைக்காத கிளினிக்குகள்தான் அதிகம், ஆனால் குப்பையில் கை வைப்பவர் அவர்.

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது என்பதைச் சேர்ந்த அன்றே சொல்லுங்கள். மூடியைத் திரும்பப் போடும்போதுதான் பெரும்பாலும் குத்தும். ஆகவே மூடவே கூடாது. குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, வாயில் வைத்துச் சப்பக் கூடாது, உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. உங்கள் மாவட்டத்தில் அது எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும், ராத்திரியில் யாரைக் கேட்பது என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். ‘டாக்டர் திட்டுவார்’ என்று பயந்து, ப்ளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படிப் போகிற கிளினிக்கில் விதிமுறைத் தாள் சுவரில் ஒட்டியிருந்தும் பயனில்லை.

வாய்

சின்ன ஊரில் ரகசியம் காப்பது நகரத்தைவிடக் கடினம், ஏனென்றால் வருகிறவர் எல்லோரும் அடுத்த தெரு. பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்பார்: “அந்தக் கடைசி வீட்டுப் பொண்ணு காலையில வந்துச்சே, எதுக்கு?” ‘சொல்லக் கூடாது’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது, அதைச் சொன்னாலே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். பதிலையும் சேர்த்துக் கொடுங்கள்: “நான் நம்பர் மட்டும்தான்க்கா போடுறேன், உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது.” இதை எல்லோரிடமும், எல்லாக் கேள்விக்கும், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். ரிசல்ட்டை மேசையிலிருந்து சத்தமாகச் சொல்லக் கூடாது. மடித்துக் கையில் கொடுக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டைத் தன் சொந்த போனில் படம் எடுக்கக் கூடாது.

போனில், “டாக்டர் இருக்காரா?” என்று கேட்டால், ‘இப்ப வந்துருவார்’ என்பது தமிழ்நாடு முழுக்க வழங்கும் பொய். நீங்கள் பிரசவ வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ போயிருந்தால், “ஏழு மணிக்கு மேலதான் வருவார், அவசரம்னா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். “போன தடவை எழுதின அதே மாத்திரையை வாங்கிக்கட்டுமா?” என்ற கேள்விக்கு மேசையில் இருப்பவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. வேலை பழகப் பழக இந்த இடத்தில்தான் சறுக்கல் வரும். ஐந்து வருடம் உங்கள் மருந்துச்சீட்டைப் பார்த்தவருக்குக் காய்ச்சலுக்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தெரிந்துவிடும். நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமை அதை அவரே எடுத்துக் கொடுப்பார். ஊரும் அவரைச் ‘சின்ன டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பிக்கும். முதல் முறை கேள்விப்பட்டதும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நன்றாக வேலை செய்பவர்தான் இதில் மாட்டுவார் என்பதால், பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும்.

லேப்காரர், ஸ்கேன் சென்டர், மெடிக்கல் ஷாப் எல்லோரும் உங்கள் மேசைக்குத் தீபாவளி கவர் கொண்டுவருவார்கள். கவர் வாங்கிய மேசை, அடுத்த வாரம் நோயாளிக்கு வழி காட்டும். வாங்கக் கூடாது என்று பணியாளரிடம் சொல்வதற்கு முன்னால் உங்கள் மேசைக்கு வரும் கவரை நீங்கள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இருக்க வைப்பது, அனுப்பி வைப்பது

ஜவுளிக்கடையில் ஆயிரம் ரூபாய் அதிகம் என்று போய்விட்டாள் என்று பல மருத்துவர்கள் வருத்தப்படுவார்கள். ஆயிரம் ரூபாய் மட்டும் காரணமாக இருக்காது. கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கிளினிக்கில் நோயாளிகளுக்கு ஸ்டீல் நாற்காலி வரிசை இருக்கும், நர்ஸ் மட்டும் நாலு மணி நேரம் நின்றுகொண்டிருப்பார். நாற்காலி, பூட்டக்கூடிய கழிப்பறை, டிபன் சாப்பிட ஒரு மூலை, ஒன்றாம் தேதி சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை — இவற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு விசுவாசத்தைப் பற்றிப் பேசலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஆனால் இ.எஸ்.ஐ., பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்குழு இரண்டும் கட்டாயம். மூன்று பேர் கிளினிக்கில் உள்குழு தேவையில்லை என்பதால் புகாருக்கு வழியில்லை என்று ஆகாது. மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அதன் விவரத்தைப் பணியாளர்கள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நர்ஸை அனுப்பாதீர்கள்.

நல்லவர்களும் போவார்கள். திருமணமாகும், அரசு வேலை வரும், சென்னைக்குக் குடிபெயர்வார்கள். முன்கூட்டியே சொன்னால் முழுச் சம்பளமும் அனுபவச் சான்றும் தருவேன் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்தால், பெரும்பாலோர் சொல்லிவிட்டே போவார்கள். புதியவர் வந்து இரண்டு வாரமாவது இருவரும் ஒரே மேசையில் உட்காரட்டும். மறு பரிசோதனைக்கு வராமல் விட்ட சுகர்காரர் யார், காது கேட்காத தாத்தா யார், யாருக்குப் படிக்கத் தெரியாது என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் இருக்காது; அந்த இரண்டு வாரத்தில்தான் கைமாறும். கடைசி நாளன்று சாவியை வாங்குங்கள், கணினியின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ரிப்போர்ட் வரும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் எண்ணை எடுத்துவிடுங்கள். கழிவு வண்டிக்காரருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் கடைக்கும் புது ஆளின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.